சாம்பல் ஜீப்பின் பின்சீட்டு

பெரகல சந்திக்குச் சற்றுக் கீழே கராஜ் வைத்திருந்த நிஷாந்துக்குக் கியர் வழுக்கும் ஜீப் புதிதல்ல. கட்டாரில் இருந்த காலமெல்லாம் ஒட்டோ கியர்பெட்டிகளோடுதான் மல்லுக்கட்டினான். ஆனாலும் டொக்டர் விஜிதா சொன்னதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விஜிதா யாழ்ப்பாணத்துக்காரர். ஹல்துமுல்லையில் தங்கி, அப்புத்தளை ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஏறி இறங்குகிறவர். சாம்பல் நிற ஜீப்பைக் கொழும்பில் பழையதாக வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"ஏத்தம் முழுக்க நல்லா இழுக்குது. மண் சரிஞ்ச வளைவில மட்டும் எஞ்சின் கத்துது, வண்டி போகேல்லை. ஆரோ பின்னுக்கு ஏறி இருந்த மாதிரிக் கிடக்குது."

"ஒயில் சூடேறுனா அப்பிடித்தான் டொக்டர். வாங்க, ஓட்டிப் பாப்போம்."

நிஷாந்த்தான் ஓட்டினான். பின்னேரப் பனி தேயிலை மலையை விழுங்கிக்கொண்டிருந்தது. வளைவு வந்ததும் எஞ்சின் ஓலமிட்டது. ஜீப் தயங்கி, நின்று, மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. அதைவிட அவனை உலுக்கியது வேறு. வண்டியின் பின்பக்கம் ஒரு தரம் தாழ்ந்து கொடுத்தது. ஆள் ஏறினால் தாழ்வதுபோல. கண்ணாடியில் பார்த்தான். சீட்டு வெறுமையாக இருந்தது.

"பாத்தீங்களோ?" என்றார் விஜிதா மெதுவாக.

அவன் பிரேக்கை அழுத்தினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி எக்சிலரேட்டரை மிதித்தான். ஜீப் ஒன்றும் நடக்காததுபோல ஏறியது. சூடுதான் காரணமென்றால் வேறு ஏற்றத்திலும் வழுக்க வேண்டுமே என்று மறுநாள் அதைவிட நீண்ட ஏற்றமொன்றில் ஓட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு வழுக்கல் இல்லை.

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால், கியர் பிடிக்காமல் சுழல்கிறது என்று மட்டும் காட்டியது. கியர் ஒயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தது. வண்டியைத் தூக்கி, கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினான். தட்டின் அடியில் பசைபோல் படிந்திருந்தது செம்மண்.

கியர்பெட்டி மூச்சு விட மேலே ஒரு சின்னக் குழாய் இருக்கும். அது மூழ்கினாலொழிய மண் உள்ளே போக வழியில்லை. அப்படியென்றால் இந்த ஜீப் ஒருமுறை சேற்றில் முழுக்கப் புதைந்திருக்கிறது. கதவின் உள்தட்டையும் கழற்றினான். சாம்பல் பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட். மூலையில் காய்ந்த சேறும் தேயிலைக் கொழுந்தும் ஒட்டிக் கிடந்தன.

விஜிதா வந்தபோது அவன் பின்சீட்டு பெல்ட்டை உருவிப் பிடித்திருந்தான். "இதப் பாருங்க டொக்டர். வெளிய இருந்த துண்டு மட்டும் சேத்துக் கறை. சுருளுக்குள்ள இருந்தது புதுசு மாதிரி. மண்ணு வந்தப்ப யாரோ இதக் கட்டியிருந்திருக்காங்க."

விஜிதா ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். கறை முடியும் இடம் வரை இழுத்தபோது அவர் வயிற்றுக்கு முன்னே பெரிய இடைவெளி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மாறிப்போனது.

"பிள்ளைத்தாச்சி," என்றார். "மாசம் நிறைஞ்சவ."

"வேணாம் டொக்டர், வித்துடுங்க."

"ஆருக்கு விக்கிறது? இதைத் தெரிஞ்சுகொண்டு எப்பிடி விக்கிறது? நீங்க திருத்துங்கோ."

திருத்தினான். வால்வுத் தொகுதியைப் பிரித்து ஒவ்வொரு துவாரமாகக் கழுவினான். தேய்ந்த கிளட்ச் தகடுகளை மாற்றி, புது ஒயில் ஊற்றினான். ஆளில்லாத கராஜில் அந்த வேலையைச் செய்ய அவனால் முடியவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் இருவருமாக மறுபடி ஏற்றத்தில் போனார்கள். வளைவு வந்தது. கியர் கச்சிதமாகப் பிடித்தது. நிஷாந்த் மூச்சை விட்டான். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் பாதைக்கு நடுவே ஓடிவந்து கையை நீட்டினாள். பிரேக்கை மிதித்தான்.

"என்னாங்க, இன்னிக்கி நிக்காமப் போகப் பாக்குது?" என்றாள் மூச்சிரைக்க. "நா கருப்பம்மா. அந்தா, அந்தக் கொட்டாயிலதான் இருக்கேன். இந்த எடத்துல தெனமும் நின்னு நின்னு போகும். கலர மாத்திட்டாங்க. வெள்ளை ஜீப்புதானே இது?"

அவள் மகள் ரெங்கம்மா. வலி கண்டு, வாடகை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாளாம். பாதையில் விழுந்த கல்லை உருட்ட டிரைவர் இறங்கிய நேரம் மலை சரிந்தது. அவன் மட்டும் தப்பிவிட்டான்.

"நாந்தான் பெல்ட்டு மாட்டிவிட்டேன். கொலுங்கப்படாதுன்னு இறுக்கி மாட்டினேன்."

விஜிதா கதவைத் திறந்து இறங்கினார். கருப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன வேணும் அம்மா உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா."

கருப்பம்மா பின்சீட்டில், நடுவில் உட்காராமல் ஓர் ஓரமாய் ஒதுங்கி உட்கார்ந்தாள். ஜீப் ஏற்றம் முழுவதையும் ஒரே இழுப்பில் ஏறியது.

ஆஸ்பத்திரி வாசலில் கருப்பம்மா இறங்கினாள். சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் மெல்ல இறங்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் நடப்பவரைத் தாங்குவதுபோல ஒரு கையை விலக்கி வைத்துக்கொண்டு, பிரசவ வார்டுப் பக்கமாக நடந்தாள்.

நிஷாந்த் எஞ்சினை அணைத்தான். விஜிதா இறங்கி, அவள் பின்னாலேயே வேகமாகப் போனார்.