எந்தப் பூஜைக்கு வந்த பாட்டு

"தீதி, இந்தப் பெட்டி உங்க கட்டிலுக்கு அடியில இருக்கட்டும். அவர் வந்து கேட்டா பார்க்கவே இல்லைன்னு சொல்லிடுங்க."

மஹுவா அந்தத் தகரப் பெட்டியைத் தனியாகவே மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அவள் என் கணவரின் தம்பி நீலாத்ரியின், எங்களுக்கு நீலுவின், மனைவி; என்னை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்பாள். கீழே அவர்கள் இருவர், மாடியில் நான். என் கணவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது.

"என்ன இருக்கு இதுல?"

"பழைய பாட்டு. ரிக்கார்டு, கேசட்டு. தொண்ணூத்தி ரெண்டுக்கு முந்தினது எல்லாம்."

"அவன் உசிரே இதுலதானே இருக்கு. காணோம்னா வீட்டையே பிரிச்சுப் போட்டுடுவான்."

"பிரிக்கட்டும். தொண்ணூத்தி ரெண்டைத் தாண்டி அவரைப் போக விடமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் வருஷத்தைச் சொல்லத் தடுமாறினால் பாட்டைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் துர்கா பூஜைக்குப் பூஜை புதுப் பாட்டு வெளிவரும். ஊரெல்லாம் அதையே பாடும். அந்தப் படகுப் பாட்டு வந்த பூஜைக்குத்தான் மாமனார் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். எந்தப் பாட்டு எந்தப் பூஜைக்கு வந்தது என்று சந்தேகம் வந்தால் நீலுவிடம்தான் வருவார்கள். முப்பது வருஷமாகப் பந்தலில் மைக் அவன் பொறுப்பு. ஐந்து நாளும் என்ன பாட வேண்டும் என்பதை அவன்தான் முடிவு செய்வான்.

ஒரே ரசனையில் நிற்கிற ஆளும் இல்லை அவன். இளவட்டமாக இருந்தபோது அப்பாவின் ரிக்கார்டைக் கேட்டு, "இது பாட்டா, பல் வலியா?" என்பான். நாற்பது வயதுக்கு மேல், மகள் ரிமியோடு சேர்ந்து கிட்டார் பையன்களின் பாட்டில் பைத்தியமாகத் திரிந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதையெல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டினான். கேட்டதற்கு, "காது கொடுத்துக் கேக்க முடியல பௌதி" என்றான். அண்ணன் மனைவி என்பதால் நான் அவனுக்குப் பௌதி. அதற்கடுத்த பூஜையில் அவன் வைத்தவை எல்லாம் ரிமி பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டுகள். அதற்கும் அடுத்த பூஜையில், அவள் தொட்டிலில் கிடந்த காலத்துப் பாட்டுகள்.

டீக்கடையில் நீலு அண்ணன், அதாவது நீலுதா, என்று அவனுக்கு நல்ல பெயர்தான்.

"வயசாக ஆக நீலுதாவுக்கு ரசனை பழுக்குதுய்யா."

"பழுக்குதா? ரிவர்ஸ் கியர்ல போறாரு," என்றான் பூஜை நடத்தும் கிளப்பின் செயலாளர் பாப்பாய். "நீலுதா, இதே வேகத்துல போனீங்கன்னா ரெண்டு வருஷத்துல தான்சேன் வீட்டு வாசல்ல நிப்பீங்க. என்னையும் கூப்பிடுங்க."

"உன்னை எதுக்குடா? உனக்குக் காதே கிடையாது," என்றான் நீலு. எல்லோரும் சிரித்தார்கள். அன்று மஹுவாவும் சிரித்தாள்.

இப்போது என் கட்டிலில் உட்கார்ந்து விரல்விட்டுச் சொன்னாள்.

"ரசனை மாறல தீதி. புதுசுலேர்ந்து ஒண்ணொண்ணா உதிருது. எந்த வருஷத்துப் பாட்டை வேண்டாங்கறாரோ, அந்த வருஷமே அவருக்கு இல்லாம போயிடுது. அண்ணா போனது ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

"என்னடி சொல்றே?"

"போன வாரம் புனேலேர்ந்து ரிமி போன் பண்ணா. எடுத்துப் பேசினார், ரொம்ப மரியாதையா. அப்புறம் என்கிட்ட நீட்டி, 'யாரோ ஒரு பொண்ணு, உன்னைக் கேக்கறா' ன்னார். லைன்ல அவ அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா தீதி."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண் டெஸ்ட்டுன்னு பொய் சொல்லி. 'புதுசுதான் முதல்ல போகும், பழசு கடைசி வரைக்கும் நிக்கும்' னார். ஐம்பத்தி நாலு வயசுல ஏன் வருதுன்னு கேட்டேன். 'சிலருக்கு வரும்மா' ன்னுட்டார்."

"இப்ப எங்க நிக்கறான்?"

அதைக் கேட்டதும் அவள் முகம் கல்யாணப்பெண் முகம்போல ஆனது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தொண்ணூத்தி ரெண்டுல. நான் மைக் மேடைக்கு வந்து ஒரு பாட்டு கேட்டேனே, அந்தப் பூஜையில. ஒரு மாசமா அந்த ஒரு கேசட்டுதான் ஓடுது. தலைக்குப் பூ வாங்கிட்டு வர்றார். நேத்து கையைப் பிடிச்சு, 'உங்க அப்பாகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை பேசிடறேன்' ங்கறார். இருபத்தி ஆறு வருஷமா இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை தீதி. இங்கயே நின்னுட்டா எனக்குப் போதும். ரிமிகிட்ட நான் சொல்லிப் புரிய வெச்சுக்கறேன்."

"பெட்டியை ஒளிச்சா நின்னுடுவானா?"

"கேட்டாத்தானே போவார்?"

தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழைய புடவையால் மூடினேன்.

மறுநாளே வந்துவிட்டான். கதவருகே நின்று, "பௌதி, அப்பாவோட பெட்டியைப் பார்த்தீங்களா?" என்றான்.

"இல்லையேப்பா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு புன்னகைத்தான். "பரவாயில்லை. எல்லாம் இங்கதான் இருக்கு," என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கிப் போனான். அதை நான் மஹுவாவிடம் சொல்லவில்லை.

பூஜை நெருங்கியது. பஞ்சமி அன்று காலையில் பந்தலில் மைக் சோதனை. மஹுவாவும் நானும் கீழே சமையல்கட்டில் லூச்சிப் பூரிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலுக்கு நேரே. முதலில் பாப்பாயின் குரல்: "ஹலோ, ஹலோ. நீலுதா, கேசட் எங்க?"

"கேசட் எதுக்கு?" என்றது நீலுவின் குரல். பாட ஆரம்பித்தான்.

மஹுவா குழவியை நிறுத்தினாள். "இது தொண்ணூத்தி ஒண்ணு," என்றாள்.

ஒரு சரணத்தோடு விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனான். வார்த்தை பிசகவில்லை, இடையிசையைக்கூட வாயாலேயே வாசித்தான். பந்தலில் கைதட்டல் கேட்டது.

"எண்பத்தி எட்டு."

"விடுடி. சும்மா பாடறான்."

"எண்பத்தி நாலு, தீதி. குரலைக் கேளுங்க. சின்னப் பையன் குரலா ஆகுது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கைதட்டல் பெரிதானது. யாரோ "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றார்கள். நிறுத்தச் சொல்ல ஓடினாள் மஹுவா. வாசற்படி வரைக்கும் போனவள் அப்படியே நின்றாள், மாவுக் கையோடு. எதைச் சொல்லி நிறுத்துவது? பாட்டுப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஓரிடத்தில் நின்றது. எண்பதோ எழுபத்தொன்பதோ. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன் அரைத் தட்டோடு எழுந்து நேரே மாடிக்கு வந்தான். நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பௌதி, கீழே ஒரு அம்மா இருக்காங்களே, விருந்தாளியா?"

"எந்த அம்மா?"

"சமையல்கட்டுல. எனக்குச் சோறு போட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் தெரியுது. ஆனா, என்னையே பார்த்துட்டு அழறாங்க. அவங்களுக்கு யாராவது தவறிட்டாங்களா?"

அவன் பின்னால், படியின் கடைசி வளைவில், தண்ணீர்த் தம்ளரோடு மஹுவா நின்றிருந்தாள். எல்லாமே அவள் காதில் விழுந்திருந்தது.

அவள் உள்ளே வந்தாள். தம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தீதி, பெட்டியை எடுங்க."

"மஹுவா..."

"எடுங்க. என் வருஷத்துக்கு அவர் திரும்பி வரப்போறதில்லை. நான்தான் அவர் நிக்கற வருஷத்துக்குப் போகணும்."

நான் புடவையை விலக்கிப் பெட்டியை இழுத்தேன். நீலுவின் கண் விரிந்தது. "இங்கதான் இருந்ததா? பௌதி, நீங்க பொய் சொன்னீங்க," என்றான், பத்துப் பன்னிரண்டு வயதில் சொல்வதுபோலவே.

மஹுவா அவனெதிரே தரையில் உட்கார்ந்தாள். "பாட்டு கேக்கத்தான் வந்தேன். உங்ககிட்ட நல்ல ரிக்கார்டு இருக்குன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"தெருவே சொல்லுது."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நீங்க எந்தத் தெரு? பழசு பிடிக்குமா, புதுசு பிடிக்குமா?"

"நீங்க எதை வெச்சாலும் பிடிக்கும்."

"அப்படிச் சொல்லக்கூடாது. கேட்டுட்டுச் சொல்லணும்," என்று கண்டித்தான். என் கணவரின் பிளேயரைத் துடைத்து, எழுபத்தொன்பதாம் பூஜையின் இசைத்தட்டை வைத்தான். மஹுவா கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் அவன் ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தான். "நல்லா இருந்தது. நாளைக்கும் வரலாமா?" என்றாள்.

"வாங்களேன். பௌதி, அண்ணன் ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சா? அவனும் கேக்கட்டும்."

"வந்துடுவார்," என்றேன்.

அவன் பெட்டிக்குள் குனிந்து அடுத்த தட்டைத் தேடினான். வருஷ வாரியாக அடுக்கியது மாமனார். உறைகளின் மேலே அவர் கையெழுத்து. எழுபத்தெட்டை எடுத்தான், வேண்டாமென்று ஓரமாக வைத்தான். எழுபத்தேழையும் அப்படியே வைத்தான்.

மஹுவா அவன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தீதி, நீங்க இந்த வீட்டுக்கு மருமகளா வந்தது எந்தப் பூஜைக்கு?"

"எழுபத்தி ஆறு."

அவன் அந்தத் தட்டைத்தான் கையில் வைத்திருந்தான். "பௌதி, இது வைக்கட்டுமா?" என்றான்.

தலையசைத்தேன். பாட்டு ஆரம்பித்தது. நான் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில், நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தினதாக, இன்னும் எட்டுத் தட்டு இருந்தது.