படிக்கட்டில் சாம்பல்

பெருமுக்கல் மலையடியில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்கிய கொல்லையில் சினிமாக்காரர்களின் கேரவன் வந்து நின்றபோது, அதன் நிழலில் மட்டும் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் நடத்தியிருக்கலாம். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது ஊர் வழக்கம். இதைத் தள்ள வேண்டாம். ஏசியைப் போட்டால் மலைமேல் குரங்குகள் போர்வை கேட்கும். உள்ளே இருக்கும் கக்கூஸ் எங்கள் தெரு வீடுகளைவிடப் பெரிது. கழுவுகிற ஆள் சொன்னான்; நான் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி ஊருக்குச் சொன்னேன்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவன் என்பதால் ஜெனரேட்டர் வண்டிக்கு என்னைக் காவல் வைத்தார்கள். கதாநாயகியின் கேரவனுக்கு அஞ்சம்மாள். கொல்லை வேலைக்குப் போகிறவள். மலைமேல் ஷூட்டிங் முடியும்வரை நிழலில் உட்கார்ந்த வேலை. அவளுக்கு அப்படியொன்று வாய்த்ததே இல்லை. முந்தின ஊரில் யாரோ கேரவனுக்குள் புகுந்து கைப்பையைத் தூக்கிப் போய்விட்டார்களாம். பூட்டை நம்பமாட்டேன் என்று மேனேஜர் தென்னரசு புலம்பிக்கொண்டிருந்தார்.

யோசனை சொன்னது அஞ்சம்மாள்தான். களத்தில் மல்லாட்டையைக் குவித்ததும் கொல்லைக்காரர் குவியல்மேல் சாம்பலால் குறி போட்டுவிட்டுப் போவார். காலையில் குறி கலைந்திருந்தால் கூலி ஆட்களின் மடியை உதறச் சொல்வார்கள். உதறிக் காட்டியே வளர்ந்தவள், "படிக்கட்டுல சாம்பல் தூவி வுடுங்க சார், எவன் ஏறுனாலும் கால் காட்டிக் குடுத்துடும்" என்றாள். மேனேஜருக்குக் குஷி தாங்கவில்லை. கதாநாயகி மலைக்குப் போனதும் அவரே குனிந்து, சல்லடையால் சலித்ததுபோல அடுப்புச் சாம்பலைத் தூவினார். சாவியை அவளிடம் கொடுத்து, தீப்பிடித்தால் தவிரத் திறக்கக் கூடாது என்றார்.

உச்சி வெயிலில்தான் சங்கடம் வந்தது. நான் ஆம்பிளை, ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அவளுக்கு எங்கே மறைப்பு? கொல்லை மொட்டையாகக் கிடந்தது. ஏரிக்கரைக் கருவேலங்காடு தூரம். போனால் வண்டிக்குக் காவலில்லை. இருக்கிற ஒரு வேலிப் புதருக்கு மேலே ட்ரோன் கேமரா கழுகு மாதிரி வட்டம் போட்டது. உட்காருவாள், எழுந்து நடப்பாள், மறுபடி உட்காருவாள். கடைசியில் என் பக்கம் பார்க்காமல், "கண்டக்டரே, நான் உள்ள போறேன். நீங்க பாத்துக்கினு இருங்க" என்றாள். செருப்பைக் கீழே கழற்றினாள். ஏறினாள், வெளியே வந்து பூட்டினாள், இறங்கினாள்.

சாம்பலில் ஐந்து விரலும் அச்சு அசலாக விழுந்திருந்தன. மேலே ஒரு பிடி தூவிவிட்டால் ஆயிற்று, சாம்பல் பொட்டலம் பக்கத்திலேயே கிடக்கிறது என்று சொன்னேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"போட்ட குறிய நாம தொட்டா அதான் திருட்டு. கால் கீது, பாத்துக்கட்டும்."

சாயங்காலம் கதாநாயகியின் ஒற்றைக் கம்மலைக் காணோம் என்று மேனேஜர் ஓடிவந்தார். படிக்கட்டைப் பார்த்தார். அஞ்சம்மாள் எழுந்து, கேட்பதற்கு முன்பே, "நான்தான் சார் போனேன். கக்கூசுக்கு" என்றாள். நான் சாட்சி என்று முன்னால் போனேன். நீங்கள் ஜெனரேட்டரைப் பாருங்கள் என்றார். அவள் தூக்குப்பாத்திரத்தைத் திறக்கச் சொன்னார். மிச்சமிருந்த கேப்பைக் கூழில் ஒரு குச்சியை விட்டுக் கலக்கினார். மடியை உதறு என்று அவர் வாய் திறக்கவில்லை. அவளே உதறினாள்; வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது.

அதற்குள் மலையிலிருந்து போன் வந்தது. துணிமணி பார்க்கும் கவிதா பேசினாள். கம்மல் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டிருந்ததாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நானாயிருந்தால் அந்த இடத்தில் அஞ்சம்மாளுக்கு மாலை போட்டு மேளம் வைத்துத் திண்டிவனம்வரை அழைத்துப் போயிருப்பேன்.

மேனேஜர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். "கெடச்சிருச்சு, சரி. அதுக்காக மேடம் பாத்ரூம்ல நீ போவியா?"

"வேற எங்க சார் போவ?"

அவர் ஒரு துணியை நனைத்து எடுத்துவந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம், போகும்போது படிக்கட்டைத் துடைத்துவிட்டுப் போ என்றார்.

அஞ்சம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துக் கீழ்ப்படிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். "நீங்க போட்ட குறி. நீங்களே அழிச்சிக்கோங்க." தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல், ட்ரோன் சுற்றிய அதே மொட்டைக் கொல்லையின் நடுவாக நடந்தாள்.

மேனேஜர் ஈரத்துணியை என்னிடம் நீட்டிவிட்டு மலைப்பக்கம் போனார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் போகிற கால் ஒன்று, வருகிற கால் ஒன்று. காற்று வந்து, கட்டைவிரலின் ஓரத்தை மட்டும் லேசாகக் கரைத்தது.