ரோமெட்டின் பழைய கருவி

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ரோமெட் பனிச்சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். பிள்ளைகள் இன்ஸ்புருக் நகரத்தில் குடியேறிய பிறகு, வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க அவன் மனைவி சென்ஸியால் முடியவில்லை. "இந்தத் தடவை நானும் வர்றேன். வேண்டாம்னு சொன்னே, பலகையை அடுப்புல வச்சிடுவேன்," என்றாள். அவன் சந்தோஷத்தில் அன்றைக்கே கடைக்கு ஓடினான்.

கம்பி லிஃப்ட்டில் மலைமேல் போய்ச் சறுக்கி இறங்குவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். பலகையின் அடியில் வழுக்காமலிருக்க ரோமப்பட்டை ஒட்டி, சொந்தக் காலால் மலையேறுவது இதுதான் முதல் தடவை. பனிச்சரிவில் ஆள் புதைந்தால் சிக்னல் அனுப்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றை 'அனுப்பு' என்பதில் வைத்து அவள் நெஞ்சில் கட்டிவிட்டான். அவளுக்குப் புதுசு, தனக்குப் பழசு. என்ன மனுஷனோ! நல்லதெல்லாம் அவளுக்கு, ஓட்டை உடைசல் தனக்கு.

வண்டி நிறுத்துமிடத்தில் தன் கருவியைத் 'தேடு' என்பதற்குத் திருப்பினான். "என்னைத் தாண்டி நட." அவள் தாண்டும்போது அது பீப் பீப் என்றது. "சரியா இருக்கு. புதைஞ்சாலும் தொலைய மாட்டே."

"தொலைஞ்சா நிம்மதின்னு நினைச்சியோ?"

சிரித்துக்கொண்டே கருவியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் கிளம்பினான்.

காட்டுக்குள் ஏறும்போது, மூச்சு வாங்க அவனை நெருங்கிய போதெல்லாம் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. "ரோமெட், உன் நெஞ்சுக்குள்ள என்னமோ கீச்சு கீச்சுனு கத்துதே?"

மரம் அறுக்கும் மில்லில் பாதிக் காதைத் தொலைத்தவன் அவன். போதாக்குறைக்குக் கம்பளிக் குல்லா வேறு. "உன்னைப் பக்கத்துல பார்த்தா கத்தாம என்னடி செய்யும்?" என்றான். அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

காடு முடிந்த இடத்தில் செங்குத்தான சரிவு. "இங்கே ஒருத்தர் ஒருத்தராத்தான் போகணும். நான் அந்தப் பாறைகிட்டப் போய்க் கை காட்டுறேன். அதுவரைக்கும் அசையாதே."

பாதி தூரம் போயிருப்பான். தொம்மென்று ஒரு சத்தம். சரிவு முழுக்க விரிசல் ஓடி, அவனை அப்படியே வாரிக்கொண்டு போனது.

"ரோமெட்!"

அவன் சொல்லிக்கொடுத்தபடியே கருவியைத் 'தேடு'க்கு மாற்றி, சரிந்து குவிந்த பனியில் மேலும் கீழும் ஓடினாள். திரையில் ஒன்றுமில்லை. தப்பாக அழுத்திவிட்டோமோ என்று அணைத்துப் போட்டாள். அப்போதும் ஒன்றுமில்லை. முதல் நாள்காரி, எதையோ கெடுத்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேலிருந்து அம்புரோஸ் என்ற இளைஞன் சறுக்கி வந்தான். அவன் தன் கருவியையும் 'தேடு'க்கு மாற்ற, அதுவும் ஊமையாகவே இருந்தது. "அக்கா, அவர் கருவி ஓடுச்சா?"

"ஓடுச்சு தம்பி! நான் பக்கத்துல போனா கத்திட்டே வந்துச்சு."

அம்புரோஸின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ! அனுப்புற கருவி கத்தாதுக்கா. தேடுற கருவிதான் கத்தும். கிளம்பும்போது அவர் அதை 'அனுப்பு'க்குத் திருப்பவே இல்ல."

அதற்கு மேல் கண்மூடித்தனமாகத்தான் தேட வேண்டியிருந்தது. பையிலிருந்த மடக்குக் கம்பிகளை நீட்டி, பனியில் அடிக்கு ஒருமுறை குத்திக் குத்திப் பார்த்தார்கள். மெத்தென்று ஏதோ தட்டியபோது வெயில் சரிவை விட்டே போயிருந்தது. தோண்டி எடுத்தபோது ரோமெட்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. அம்புரோஸ் போனில் அழைத்து ஹெலிகாப்டரில் வந்த டாக்டர் வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்.

சென்ஸி அழவில்லை, மரம் மாதிரி நின்றாள்.

"அக்கா, கருவியை 'அனுப்பு'க்கு மாத்துங்க. கீழே போக இன்னும் ஒரு சரிவைத் தாண்டணும்," என்றான் அம்புரோஸ். மாற்றினாள். அவன் தன்னுடையதை அவள் நெஞ்சருகே பிடித்துச் சோதித்தான். "சரி. இப்ப என்னோடதை நீங்க பாருங்க."

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"முன்னால போறவன் கருவி அனுப்புதான்னு யாராவது சோதிக்கணும்ல? அதான் வழக்கம்."

"அவனோடதைச் சோதிக்க நான் ஒருத்திதானே இருந்தேன், தம்பி! பார்க்கணும்னு என்கிட்ட சொல்லவே இல்லையே, பாவி," என்று பனியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.