வாசலில் நின்றது அண்ணன்

டிசம்பர் 10, செவ்வாய்

நேற்று என் சேஃப்டி கோட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வகுப்புக்குப் போனேன். சிறிய தவறுதான். ஆனால் நேற்றைய பதிவில் அதை எழுதாமல் வாயு நாற்றத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். எதை முதலில் எழுத வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

திருவொற்றியூரில் மாலை வகுப்பில் தொழிற்சாலைப் பாதுகாப்பு படிக்கிறேன். தினமும் பார்த்ததை எழுதிப் பழகச் சொன்னவர் எங்கள் ஆசிரியர் ஜார்ஜ் சார். காற்று எந்தப் பக்கம் வீசியது, என்ன வாடை, யார் என்ன செய்தார்கள், இவ்வளவு போதும் என்பார். இன்று எழுதுவதை அவரிடம் காட்ட முடியாது.

நேற்று வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசியது. அமோனியா. எண்ணூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கண் எரிந்தது. துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார் சார். ஜன்னல்களை அடைக்க நான் அவருடன் நின்றேன். என்னுடன் படிக்கும் கார்குழலி முதலில் இறங்கிப் போனாள். நான் கீழே வந்தபோது என் அண்ணன் அசோகன் மட்டும்தான் வாசலில் வண்டியுடன் நின்றிருந்தான். முகத்தில் ஈரத்துண்டு, மேலே நான் மறந்துவிட்டு வந்த என் கோட்டு; அதைக் கொடுக்கத்தான் சீக்கிரம் வந்திருந்தான். வழி முழுக்க அவன் துண்டை அவிழ்க்கவில்லை. நாற்றத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனைப் பற்றியும் எழுத வேண்டும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறான். அப்பா இறந்ததும் அவன் படிப்பை விட்டான், நான் விடவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் வந்து என்னைக் கூட்டிப்போவான். அங்கேதான் கார்குழலியைப் பார்த்தான். போன மாதம் ஒருநாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே, அந்தப் பெண்ணிடம் தனக்காகப் பேசச் சொன்னான். அவனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவளெதிரே பேச்சு வரவில்லை என்றான். சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான், எனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு முன்பே தெரிந்திருந்ததோ என்னவோ. தினமும் அவளிடம் சொல்லப் போவேன். காற்றைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ பேசிவிட்டு வருவேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று அண்ணனிடமும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இன்று காலை குடியிருப்பில் லாரித் தண்ணீர் பிடித்து நாங்கள் இருவரும் மூன்றாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணன் குடத்தை இறக்கி வைத்தான்.

“நேத்து உன் கோட்ட போட்டுகினு நின்னேன் இல்ல? அந்தப் புள்ள பின்னால வந்துச்சு. முதுவுல பாரின்னு உன் பேரு. நான் திரும்புனா, மூஞ்சில துண்டு. நீன்னே நெனச்சிக்கிச்சு.”

நாங்கள் இருவரும் ஒரே உயரம். கண்ணும் ஒன்றுபோலத்தான். அம்மாவே சில சமயம் பெயர் மாற்றிக் கூப்பிடுவாள்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“‘தெனம் ஏதோ சொல்ல வந்து முழுங்கிட்டு போற, நானே சொல்லிடறேன், எனக்கு உன்ன புடிச்சிகீது’ன்னுச்சு. இன்னும் சொன்னிச்சு. அதெல்லாம் உனக்கு சொன்னது, அதுகிட்டயே கேட்டுக்க.”

நான் அண்ணனுக்காக அவளிடம் பேசவேயில்லை என்பது அப்போதே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும், பேசினாயா என்று கேட்டான். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான். “எனக்கும்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“மொதல்லயே சொல்லியிருந்தா ஒதுங்கியிருப்பேன், நைனா. அது பேஜாரு இல்ல. மொத வார்த்தையிலயே நான் பாரி இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. உனக்குத்தான் சொல்லுதுன்னு தெரிஞ்சும், துண்டக் கட்டிகினு முழுசா கேட்டுகினு நின்னேன். கடைசில தலைய வேற ஆட்டுனேன்.”

கீழே யாரோ வழி விடச் சொன்னார்கள். அண்ணன் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். “நின்னது நான்னு அதுகிட்ட சொல்லிடாத. நீ கேட்டதாவே இருக்கட்டும்.” ஏறிப் போய்விட்டான்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

டிசம்பர் 11, புதன்

பகல் முழுக்க யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் அவள் முன்னால் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால், நான் கேட்கவே இல்லாத ஒன்றைக் கேட்டதாக அவளிடம் நடிக்க வேண்டும். எது சரி என்று முடிவு செய்யாமலே வகுப்புக்குப் போனேன். தான் கூட்டிப்போக வரவில்லை, பஸ்ஸில் வந்துவிடு என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

இடைவேளையில் கார்குழலி மாடிப்படியருகே வந்து நின்றாள்.

“தலைய ஆட்டிட்டு போனவன் நேத்து லீவு. வாயி கீதா இல்லியா உனக்கு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அது அண்ணனின் தலையசைப்புக்கு வந்த சிரிப்பு.

“அன்னிக்கு வாசல்ல நின்னது நான் இல்ல. எங்க அண்ணன்.”

அவள் சிரிப்பு போக நேரமாயிற்று. எல்லாவற்றையும் கேட்டாரா என்று கேட்டாள். கேட்டான் என்றேன். படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

“பாதியிலயே நிறுத்தியிருக்கலாம் இல்ல? ஏன் நிறுத்தல?”

எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அது நான் சொல்ல வேண்டியது இல்லை என்று முதல்முறையாக நிச்சயமாகத் தோன்றியது. “அத அவன்தான் சொல்லணும்” என்றேன்.

கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம். எனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். இந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது படுகிறது. அவள் படியிலிருந்து எழுந்தாள்.

“நாளைக்கு அவர வரச் சொல்லு. தனியா பேசணும். ஆள் மாத்தி பேசினது நான், அவருகிட்ட நான்தான் பேசணும். நம்ம பேச்சு அப்புறம்.”

மணி அடித்தது. அவள் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் பஸ்ஸில் வீடு திரும்பினேன். அண்ணன் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டான்.

நாளை காலை தண்ணீர் ஏற்றும்போது, அது அவன்தான் என்று கார்குழலியிடம் சொல்லிவிட்டதை அண்ணனிடம் சொல்ல வேண்டும். மாலையில் அவள் அவனை வரச் சொன்னாள் என்பதையும் சொல்ல வேண்டும்.