ஓரத்து வெளிச்சம்

எக்ஸ்ரே படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டருக்குச் சில மாதங்களாகவே கண் கூசியது. விளக்குப் பெட்டியில் சின்னப் படம் ஒன்றை மாட்டினால், அதைச் சுற்றி மிச்சமிருக்கும் வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைந்தது. எலும்பின் மெல்லிய கோடுகள் கரைந்தே போயின. கறுப்பு அட்டையை வெட்டிச் சுற்றிலும் ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அளவு, அலுத்துப்போனார்.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்க்கா" என்றார், மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தும் அக்காவிடம்.

அக்கா ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினாள். "இது கூச்சத்தைக் குறைக்கும். தலையைச் சாய்ச்சு அந்தக் கம்ப்யூட்டரைப் பாரு."

சாய்த்ததும் திரை இருண்டது. டாக்டர் சும்மா இருக்காமல் பையிலிருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்து அதன் முன்னால் பிடித்துத் திருப்பினார். சுற்றிலும் இருட்டு, படம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"எப்படிக்கா?"

"திரை வெளிச்சம் ஒரே திசையில அதிருது. கண்ணாடி அதைக் குறுக்க மறிக்குது. உன் படத்தோட பிளாஸ்டிக் நடுவுல புகுந்து திசையை மாத்தி விடுது. அந்த வெளிச்சம் மட்டும் தப்பிச்சு வருது."

அடுத்த வாரம் விளக்குப் பெட்டியின் மேல் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதுபோல வெளிச்சத்தை ஒரே திசையில் அதிரவைக்கும் தாளை அக்காவே வந்து ஒட்டினாள். டாக்டர் அறைக்குள் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். "ஷூட்டிங் எத்தனை மணிக்கு சார்?" என்று நர்சுகள் கேட்டார்கள். அவரும் சிரித்தார்.

ஆனால் மனசு உறுத்தியது. அந்தச் சில மாதங்களில் எழுதிய அறிக்கைகளின் படங்களை மறுபடி ஒவ்வொன்றாக மாட்டினார். ஒரு தையல்காரியின் மணிக்கட்டில் முடியிழை போல ஒரு விரிசல் இருந்தது. 'எலும்பில் குறையில்லை' என்று கீழே அவருடைய கையெழுத்து.

தானே போன் செய்து வரவழைத்தார்.

"விரிசல் இருக்கும்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

அவள் கோபப்படவில்லை. கண் கலங்கியது. "ரெண்டு மாசமா வலிக்குதுன்னா வீட்டுல நம்பல சார். வேலைக்குக் கள்ளம் பண்றேன்னு பேச்சு. வீட்டுக்காரர் வெளிய நிக்கிறார். நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் கணவனை உள்ளே அழைத்து விரிசலைக் காட்டினார். அவன் வெகுநேரம் பார்த்தான். மாவுக்கட்டுப் போடும் அறைக்குக் கிளம்பும்போது, அவள் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.