கண்ணில் படாதவள்

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் டீக்கடையில் துப்பறியும் நாவல் பைத்தியங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: மார்க், செரீனா, அறுபது தாண்டிய நான். எங்களுக்குப் பிடித்த நாவலில் துப்பறியும் கிழவியைப் புது டிவி தொடரில் இளம்பெண்ணாக்கியிருந்தார்கள்.

"இப்பதான் ஆன்டி, பார்க்க நல்லாருக்கு லா," என்றான் மார்க்.

"கிழவியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதனாலதான் கொலைகாரன் அவ எதிர்லயே வாய்விட்டுப் பேசுவான். இந்தப் பொண்ணு எதிர்ல எவன் பேசுவான்?" என்றேன்.

"அதெல்லாம் அந்தக் காலம் ஆன்டி," என்றாள் செரீனா.

ஆர்டர் எடுப்பவர் வந்தார். மார்க்கைக் கேட்டார், செரீனாவைக் கேட்டார். "தே தாரேக் ரெண்டு" என்று டீ போடுபவரிடம் கத்திக்கொண்டே போய்விட்டார்.

இருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

"நான் இங்கேயே ஒருத்தனைக் கொன்னாலும் அந்த ஆளு சாட்சி சொல்ல மாட்டான்," என்றேன்.