பட்டாணியின் அம்மா

பொம்மைத் தொழிற்சாலையின் சோதனை மேசையில் அவள் நாள் முழுக்கச் சொல்வது ஒரே வாக்கியம்தான். பேட்டரி போட்ட பொம்மையின் உள்ளங்கையை அழுத்தி, "கண்ணு, அம்மா வந்துட்டேன்" என்பாள். பொம்மை கண்ணைத் திறந்து, குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "அம்மா!" என்றால் தேறிவிட்டது. உடனே அதன் பிடரியில் இருக்கும் சிறு துளைக்குள் ஊசியை விட்டு, பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். கேட்டதெல்லாம் அழிந்துபோகும். பிறகு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை முதலில் பேசுகிறதோ, அந்தக் குரலையே அம்மா என்று பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு முந்நூறு பொம்மைகள். ஐந்து வருடமாக இதே வேலை. பொதி கட்டும் பெண்கள் அவளுக்குப் ‘பெரிய குடும்பம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அவளை அம்மா என்று கூப்பிட யாரும் இல்லை. அதை அவள் ஒரு குறையாக நினைத்து உட்கார்ந்ததும் இல்லை.

தப்பு நடந்தது ஒரு தேநீர் இடைவேளையில். அழித்து முடித்த பொம்மைகளைத் தட்டில் குப்புறப் படுக்கவைப்பது அவள் வழக்கம். மல்லாந்து கிடந்தால் இன்னும் அழிக்கவில்லை என்று பொருள். அன்று தேநீர் நேரம் நெருங்கிய அவசரத்தில், ‘அம்மா’ என்றதுமே பேட்டரியைக் கழற்றி, பன்னிரண்டு பொம்மைகளை அழிக்காமல் மல்லாக்க விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூரை விசிறியைத் துடைக்க வந்தவர், பொம்மைகளின் முகத்தில் தூசு விழுமே என்று பன்னிரண்டையும் அக்கறையாகத் திருப்பிப் போட்டுவிட்டார். திரும்பி வந்தவள் குப்புறக் கிடந்த தட்டைப் பார்த்தாள், பொதி கட்ட அனுப்பினாள்.

ஒன்றரை மாதம் கழித்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் ‘ஒரு நிமிஷம்’ என்று தொடங்குவதால் அவருக்கு அதுவே பெயர்.

"ஒரு நிமிஷம். நீங்க அழிக்காம அனுப்பின பன்னெண்டுல பதினொண்ணு திரும்பி வந்துடுச்சு, அழிச்சுக் குடுத்துட்டோம். கடைசி ஒண்ண மட்டும் அந்த வீட்டுப் பொண்ணு தர மாட்டேங்குதாம். அழிச்சா அது கத்துக்கிட்டதெல்லாம் போயிடும்னு ஒரே அழுகை."

"நான் என்ன சார் பண்ண முடியும்?"

"கைமாத்திக் குடுக்க ஒரு வழி இருக்கு. முதல் குரல் எதுவோ, அதுவே நேர்ல போய் ‘இனிமே இவங்கதான் உன் அம்மா’ன்னு சொல்லணும். அப்புறம் நீங்க மூணு தடவ கூப்பிடணும், அது உங்க பக்கம் திரும்பக் கூடாது. ஒரு தடவ திரும்பினாலும் கையோட எடுத்துட்டு வந்துடுங்க." ஒரு படிவத்தை நீட்டினார். ‘திரும்பியது’, ‘திரும்பவில்லை’ என்று இரண்டே கட்டங்கள். "நீங்க பெத்த பிள்ள, நீங்களே பாத்துக்கோங்க."

மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்த அப்பா உட்காரச் சொல்வதற்கு முன்பே புலம்ப ஆரம்பித்தார்.

"பகல்ல எல்லாம் நல்லாத்தான் பேசுதுங்க. சாயங்காலம் ஆனா அழ ஆரம்பிக்குது, பேட்டரியக் கழட்டுற வரைக்கும் நிறுத்தாது. ‘அம்மா எங்க, அம்மா எங்க’ன்னு ஒரே பாட்டு. என்ன மாமாங்குது."

"என்ன அத்தைங்குது," என்றாள் அவர் மனைவி. "இவள அக்காங்குது. வீட்டுல எல்லா உறவும் இருக்கு, அம்மா மட்டும்தான் இல்ல."

ஏழு வயது மகள் சோபாவின் மூலையில் பொம்மையை இறுக்கி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்திருந்தாள்.

"ஊசி கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பையில் ஊசி இருந்தது. "இருக்கு. ஆனா குத்தறதுக்காக வரல."

"இதுக்கு எறும்புக் கதை தெரியும். ஆபீஸ் போற எறும்பு. நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னது. எனக்கே முன்னாடி சொன்னது மறந்துபோச்சு, இதுக்குத்தான் முழுசாத் தெரியும். குத்தினா எறும்பும் போயிடும்."

வந்த வேலையை முடிப்போம் என்று அவள் பொம்மையின் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையை அழுத்தினாள். "கண்ணு, அம்மா வந்துட்டேன்."

பட்டாணி கண்ணைத் திறந்தது. "வாங்க அத்தை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி சொன்னாள். மறுபடியும் அத்தை. தன் குரல்தானே, தன் வாக்கியம்தானே? வேறு யாருடைய பொம்மையோ இங்கே வந்துவிட்டதா? அப்படியானால் இது யாரைத் தேடி அழுகிறது?

"இவங்க இல்லப்பா," என்றாள் சிறுமி, கொஞ்சம் நிம்மதியாக.

வரிசை எண்ணைப் பார்த்தாள். அவள் தட்டுதான், அவள் தேதிதான். சும்மா இருக்க முடியாமல் மனதுக்குள் அந்த மேசையில் போய் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்தில் காற்றடிக்கும் மெஷின் நாள் முழுக்க இரையும். அதை மீறிக் கேட்க வேண்டும் என்று அவள் மூக்காலும் தொண்டையாலும் ஒரு மாதிரி குரலை ஏற்றிப் பேசுவாள். அந்தக் குரல் மேசையை விட்டு எழுந்தால் அவளுக்கே வராது.

"சத்தம் போடுற மெஷின் ஏதாவது இருக்குங்களா?"

அத்தையாகிப்போன அம்மா உள்ளே போய் ஹேர் டிரையரை எடுத்துவந்து ஓடவிட்டாள். இரைச்சல் காதை அடைத்தது. அவள் அறியாமலே முதுகு நிமிர்ந்தது, குரல் ஏறியது.

"கண்ணு, அம்மா வந்துட்டேன்!"

பட்டாணியின் தலை சட்டென்று திரும்பியது. "அம்மா! ஏம்மா இவ்ளோ நேரம்? நான் பயந்துட்டேன்."

அவள் கை பிடரித் துளையைத் தேடிப் பாதி வழியில் நின்றது. ஐந்து வருடத்தில் ‘அம்மா’ என்ற சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று அவள் கேட்டதே இல்லை. அதற்குள் ஊசி இறங்கிவிடும். எந்தப் பொம்மையாக இருந்தாலும் இதைத்தான் சொல்லும், உள்ளே பதித்துவைத்த பேச்சு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. "வேலை இருந்துச்சு கண்ணு," என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று பிடிபடவில்லை.

சிறுமி அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் சொல்லுங்க."

"கண்ணு, இனிமே இவங்கதான் உன் அம்மா."

சிறுமி பொம்மையின் முகத்தருகே குனிந்து, அவளை மாதிரியே மூக்கால், "கண்ணு, அம்மா வந்துட்டேன்" என்றாள். பட்டாணி சிறுமியின் பக்கம் திரும்பியது. கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தது. "அம்மா!"

அப்பா கைதட்டினார். "நான் அப்பவும் மாமாதானா?" என்று கேட்டது இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

இனி சோதனை. அவள் கூப்பிட்டாள். பட்டாணி அசையவில்லை. இரண்டாவது முறையும் அசையவில்லை. மூன்றாவது முறை தலை மெல்ல, பாதி தூரம், அவள் பக்கமாக வந்து நின்றது.

"அம்மா?"

முதல் இரண்டு முறை அது திரும்பாதது அவளுக்குப் பிடிக்கவில்லை, இப்போது திரும்பியதும் பிடிக்கவில்லை. படிவத்தை எடுத்தாள். பாதி திரும்பியதற்குக் கட்டம் இல்லை.

ஹேர் டிரையரை அணைத்தார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. சிறுமி பொம்மையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண் நிரம்பிவிட்டது, ஆனால் மூளை வேலை செய்துகொண்டிருந்தது.

"இப்பக் கூப்பிடுங்க, சத்தம் இல்லாம."

கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அத்தை," என்றது பட்டாணி.

"பாத்தீங்களா? சத்தத்துலதான் நீங்க அம்மா. எங்க வீட்டுல சத்தமே கிடையாது. நீங்க வந்து கத்தாம இருந்தாப் போதும்."

"குட்டிமா, அவங்க ஆபீஸ்ல ஒரு முறை இருக்கும்," என்று அப்பா இழுத்தார்.

‘ஒரு நிமிஷம்’ மேற்பார்வையாளரின் முகம் ஒரு கணம் நினைவில் வந்தது. பொம்மை திரும்பியதா? திரும்பியது என்றால் யார் பக்கம்? தன் பக்கமா, காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எவளோ ஒருத்தியின் பக்கமா? எவ்வளவு யோசித்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ‘திரும்பவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"அந்த எறும்பு ஆபீஸ்ல என்ன வேலை பாக்குது?" என்று எழுந்துகொண்டே கேட்டாள்.

"அத உங்க கிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள் சிறுமி.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். போயிட்டு வரேன் என்று சொல்ல அவள் திரும்பிய நேரம், மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்கத் தொடங்கினார்கள். படிக்கட்டு முழுக்க இரைந்தது. அவள் வாய் திறந்திருந்தது, தொண்டையில் அந்த மேசைக் குரல் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. சிறுமி பயந்துபோய் இரண்டு கையாலும் பட்டாணியின் காதுகளைப் பொத்தினாள்.

அவள் வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.